அநாதைச் சிங்கம் அரசனாகலாமா?

2024 ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு சிங்கப் படத்தின் முன்னோட்டம் வெளியானது. டிஸ்னி நிறுவனத்தின் 'முஃபாசா: த லயன் கிங்'. படம் திரைக்கு வர இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. ஆனால் ஒரு சில நிமிடங்கள் ஓடும் அந்தத் துண்டைப் பார்த்த உடனேயே உலகம் முழுவதும் ரசிகர்கள் இரண்டு பட்டு நின்று வாதாடத் தொடங்கினார்கள். வாதத்தின் பொருள் இதுதான்: முஃபாசா அரச குலத்தில் பிறந்த சிங்கம் அல்ல, அது ஓர் அநாதைக் குட்டி.

1994இல் வந்த 'லயன் கிங்' படத்தை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அதிலே முஃபாசா காட்டுக்கு அரசன். ஸ்கார் அதன் தம்பி. பதவி ஆசையால் தம்பி அண்ணனைக் கொன்றுவிட்டு, "உன்னால்தான் வாப்பா செத்தார், ஓடிப்போ" என்கிற மாதிரி அண்ணனின் குட்டி சிம்பாவைப் பழி சுமத்தித் துரத்துகின்றது. 2019 ஜூலையில் அதே கதை கணனி உருவங்களால் புதிதாக எடுக்கப்பட்டு, தமிழிலும் வந்தது. சிம்பாவுக்குச் சித்தார்த்தும், ஸ்காருக்கு அரவிந்த்சாமியும், பும்பா என்ற காட்டுப்பன்றிக்கு ரோபோ சங்கரும், டிமோனுக்குச் சிங்கம்புலியும் குரல் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தத் தமிழ்ப் படத்தைத்தான். காட்டுப்பன்றி சென்னைத் தமிழில் பேசியது பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பு. மூத்தவர்களுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. சுட்டி ரி.வி. வந்த 2007இன் பின் எங்கள் பிள்ளைகளின் பேச்சு மாறிவிட்டது என்று ஏற்கெனவே குறைப்பட்டுக் கொண்டிருந்தவர்கள் இதையும் அந்தக் கணக்கிலே சேர்த்தார்கள்.

2024இன் படம் அந்த அரசன் முஃபாசாவின் சிறுபிராயக் கதை. முன்னோட்டத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் பழைய ஆதாரங்களையும் எடுத்து வைத்தார்கள். 1994இல் வெளியான ஒரு சிறுவர் கதைத் தொகுதியிலே முஃபாசாவும் தாக்காவும், அதாவது பின்னாளைய ஸ்காரும், ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்றே எழுதப்பட்டிருக்கின்றது. அப்படியிருக்க, எங்கிருந்தோ வந்த குட்டியை அரசனாக்கினால் 'அரச இரத்தம்' என்ன ஆவது என்று கேட்டார்கள். மறுபக்கத்தினரோ, பிறப்பால் வந்த அரசனை விட உழைத்து வந்த அரசன் மேல் என்றார்கள். படத்தை இயக்கிய பரி ஜென்கின்ஸும் தமது படத்துக்காக வாதாடினார்.

இந்தக் கூத்து அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் நாங்கள் நடத்தும் பெண்கள் சந்திப்புகளிலே அதைப் பற்றிய பேச்சு வந்தபோது அது அப்படி இருக்கவில்லை. ஏனென்றால் அந்த முன்னோட்டத்திலே முஃபாசா எப்படி அநாதையாகின்றது என்பதும் காட்டப்படுகின்றது. வரட்சிக்குப் பிறகு மழை பெய்கின்றது. தண்ணீர் திரண்டு வருகின்றது. குட்டியைத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகின்றது.

படம் திரைக்கு வந்த நாள் 2024 டிசெம்பர் 20. ஆறு நாள் கழித்துச் சுனாமியின் இருபதாவது ஆண்டு நிறைவு. படம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் 2004 டிசெம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல் இங்கே மட்டும் போய்விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னரே யுத்தம் எத்தனையோ பிள்ளைகளைத் தாய் தகப்பன் இல்லாமல் ஆக்கியிருந்தது. 1990 என்று சொன்னாலே இந்தக் கரையோரத்தில் முஸ்லிம் வீட்டிலும் தமிழ் வீட்டிலும் ஒவ்வொரு பெயர் நினைவுக்கு வரும்.

எடுத்து வளர்த்த பிள்ளைகள் இல்லாத வட்டாரம் இங்கே இல்லை. சாச்சி வளர்த்தது, பெரியம்மா வளர்த்தது, மூத்தம்மா வளர்த்தது, பிள்ளையில்லாத அயலவர் வளர்த்தது. அன்று கைக்குழந்தைகளாக எடுக்கப்பட்டவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே "அநாதை அரசனாகலாமா" என்ற கேள்வி எங்கள் சந்திப்பில் வேறு உருவம் எடுத்தது. வளர்க்கும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்வதா, சொல்வதென்றால் எப்போது என்பதுதான் அந்த உருவம். "நான் சொல்லல்ல மிஸ். சொன்னா புள்ள என்ன விட்டுப் பெய்த்திடும் எண்ட பயம்" என்று ஒரு தாய் சொன்னார். இன்னொருவர், தான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிட்டது, பிள்ளை பாடசாலையிலிருந்து அழுதுகொண்டு வந்தது என்றார். எமது அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கின்றது. சிறிய ஊரிலே இப்படியான இரகசியம் வீட்டுக்குள் மட்டும்தான் இரகசியம்.

முஸ்லிம் பெண்களுக்கு இதிலே மார்க்கத்தின் வழிகாட்டலும் உண்டு. வளர்க்கும் பிள்ளைகளை அவர்களின் சொந்தத் தகப்பனின் பெயரைக் கொண்டே அழைக்கவேண்டும் என்று அல்-அஹ்ஸாப் அத்தியாயம் கற்பிக்கின்றது. நபிகள் (ஸல்) அவர்களும் பிறக்கும் முன் தந்தையையும், சிறு வயதில் தாயையும் இழந்து, பாட்டனாரிடமும் பின்னர் பெரிய தந்தையாரிடமும் வளர்ந்தவர்கள்தான். அநாதையைப் பராமரிப்பது பெரும் நன்மை. ஆனால் வம்சத்தை மறைப்பதற்கு அனுமதி இல்லை. இதை அறியாமல் அல்லது அன்பு மிகுதியால் வளர்ப்புத் தகப்பனின் பெயரையே பிறப்புப் பதிவில் போட்ட குடும்பங்கள் உண்டு. பெண்பிள்ளையாக இருந்தால் சிக்கல் நிக்காஹ் நேரத்தில் வெளிவருகின்றது. ஷாஃபி மத்ஹபின்படி அவளுக்கு வலியாக நிற்கவேண்டியவர் சொந்தத் தகப்பன், அவர் இல்லையென்றால் தகப்பனின் தகப்பன், சகோதரன் என்று அந்த வழியில் வருபவர். ஒருவருமே இல்லாவிட்டால் காழியாரிடம் போகவேண்டும். வளர்த்தவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அந்த இடத்தில் நிற்க முடியாது. கல்யாணப் பந்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் தான் யார் என்று அறிந்துகொள்ளும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? ஆண்பிள்ளையென்றால் வேறொரு சிக்கல். பால்குடி உறவு இல்லாவிட்டால் பருவமடைந்த பின் வளர்த்த தாயே அவனுக்கு முன் தலையை மூடவேண்டும். இதையெல்லாம் சிறுபிராயத்திலேயே பக்குவமாகச் சொல்லி வைத்த வீடுகளிலே பிரச்சினை குறைவாக இருக்கக் கண்டிருக்கின்றோம்.

இன்னொரு கேள்வி எங்கள் ஊருக்கே உரியது. "இவன் எந்தக் குடி?" அக்கரைப்பற்றிலே முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழியாகவே குடியைக் கணக்கிடுகின்றோம். பிள்ளைக்குத் தாயின் குடி. தன் குடிக்குள் கல்யாணம் இல்லை. பள்ளிவாசலிலும் குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற முறை இருந்து வந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 தொடக்கம் இங்கே வந்து தங்கி ஆராய்ந்து, 2008இல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். தாய் யாரென்று தெரியாத பிள்ளைக்குக் குடி தெரியாது. சம்பந்தம் பேசும்போது இது நெருடும். 'அரச இரத்தம்' என்று அமெரிக்க ரசிகர் கேட்டதும் 'குடி' என்று எங்கள் மாமிமார் கேட்பதும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், உண்மையான சிங்கங்களின் குடும்பம் எங்களுடையதைப் போன்றது. சிங்கக் கூட்டத்திலே பெண் சிங்கங்கள்தான் பிறந்த இடத்திலே நிரந்தரமாக இருப்பவை. தாய், மகள், சாச்சி, பேத்தி எல்லாம் ஒன்றாக இருக்கும். ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதானதும் வெளியேறி, வேறொரு கூட்டத்தில் போய்ச் சேரும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் எங்கள் முறைதான்! அத்துடன் ஒரு தாயின் குட்டிக்கு இன்னொரு தாய் பால் கொடுப்பதும் அவற்றின் வழக்கம். இதைச் சொன்னபோது சந்திப்பில் இருந்த வயதான தாய் ஒருவர், அப்படியென்றால் சிங்கங்களுக்கும் பால்குடி உறவு பார்க்கவேண்டுமே என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

படத்தின் கதையும் இந்த இடத்தைத் தொடுகின்றது. வெள்ளத்தில் மிதந்து வந்த முஃபாசாவை முதலைகளிடமிருந்து காப்பாற்றுவது இன்னொரு கூட்டத்தின் அரச குட்டியான தாக்கா. அதன் தகப்பன் ஒபாசிக்கு வெளியாளைச் சேர்க்க மனமில்லை. முஃபாசாவைப் பெண் சிங்கங்களோடு இருக்கும்படி ஒதுக்கி வைக்கின்றது. தாக்காவின் தாய் எஷே அதை அரவணைத்து வேட்டையைக் கற்றுக்கொடுக்கின்றது. இழிவாக நினைத்து ஒதுக்கிய இடத்திலேதான் அந்தக் குட்டி அரசனாகும் வித்தையைப் படிக்கின்றது. ஆண்களோடு படுத்துக் கிடந்த தாக்காவுக்கு அது வாய்க்கவில்லை. விதவைத் தாய்மார் வளர்த்த ஆண்பிள்ளைகளைப் பார்த்து "பொம்பளை வளர்த்த புள்ள" என்று ஏளனம் செய்யும் பழக்கம் எங்களிடமும் உண்டல்லவா? சந்திப்பிலே பெண்களுக்கு ஆகவும் பிடித்த பகுதி இதுதான். எனக்கும்தான்.

பிறகு வெள்ளைச் சிங்கங்களின் தாக்குதலில் ஒபாசியும் எஷேயும் இறந்துபோக, முஃபாசாவும் தாக்காவும் இடம்பெயர்ந்து ஓடுகின்றன. வழியில் பொறாமையால் தாக்கா எதிரிக்குக் காட்டிக்கொடுக்கின்றது. முடிவில் முஃபாசா அதைக் கொல்லவுமில்லை, ஊரை விட்டுத் துரத்தவுமில்லை. ஆனால் அதன் பெயரைச் சொல்லி அழைக்க மறுத்துவிடுகின்றது. தமிழிலே முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸும் தாக்காவுக்கு அசோக் செல்வனும் பேசியிருக்கின்றார்கள். அர்ஜுன் தாஸின் கனத்த குரல் இளம் சிங்கத்துக்குப் பொருந்துமா என்று பிள்ளைகளிடையே முன்கூட்டியே வாதம் நடந்தது. பும்பாவாக மீண்டும் வந்த ரோபோ சங்கர் 2025 செப்டெம்பரில் காலமாகிவிட்டார்.

முடிவைப் பற்றித்தான் எங்கள் பெண்களிடையே கடும் வாதம். 'மிலேலே' என்ற செழிப்பான நிலத்தைப் போய்ச் சேர்ந்த முஃபாசா அங்கே தன் சொந்தத் தாய் உயிரோடு இருப்பதைக் காண்கின்றது. தகப்பன் இறந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டும் இடம் அது. ஆனால் காணாமற்போனவருக்காகக் காத்திருக்கும் பெண்கள் சிலருக்கு அந்தக் காட்சியைப் பொறுக்க முடியவில்லை. இப்படிக் காட்டினால் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றார் ஆலையடிவேம்புத் தாய் ஒருவர். அவரது கணவரைக் கூட்டிக்கொண்டு போய் முப்பது வருடங்களுக்கு மேலாகின்றது. இப்போது பேரப்பிள்ளைகள்தான் படம் பார்க்கின்றார்கள். பக்கத்தில் இருந்தவர் அதை ஏற்கவில்லை. "நாமளும் பாத்துக்கொண்டுதானே இருக்கம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பத்திரங்கள் பற்றிச் சிலர் கேட்டபடியால் சுருக்கமாக எழுதுகின்றேன். சட்டப்படி தத்தெடுப்பதற்கு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றக் கட்டளை வேண்டும். வாய்ப்பேச்சும் ஊர்ப் பெரியவர்களின் கையெழுத்தும் போதாது. சுனாமியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் பராமரிப்புக்கென 2005இல் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அந்த நேரம் பெற்றுக்கொண்ட கடிதங்கள் எதையும் வீசிவிடாதீர்கள். பிள்ளையின் சொத்தோ பிறப்புப் பதிவோ பற்றிய வழக்கு எப்போதாவது வந்தால் அவை உதவும். தகப்பன் காணாமற்போன பிள்ளைகளுக்காக, மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத தாய்மார், 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அது மரணத்தை ஒப்புக்கொள்வதாகாது. இஸ்லாமிய முறையில் வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாக எழுதிக் கொடுக்கலாம், அல்லது மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். வளர்த்த மகளுக்குக் குடியிருக்க ஒரு வளவாவது கொடுக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

பாடசாலை விடுமுறையில் இந்தப் படத்தைச் சுவரில் போட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும் என்று இரு ஊர்ச் சந்திப்புகளிலும் கேட்டிருக்கின்றார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் முடிக்கவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. படம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடும் என்பதால் பெரும்பாலும் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டிவரும். வெள்ளம் வரும் காட்சியை வெட்டிவிட்டுக் காட்டச் சிலர் சொல்கின்றார்கள். தண்ணீரைக் கண்டால் இன்றும் நடுங்கும் தாய்மார் இருக்கின்றார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதை வெட்டிவிட்டால் முஃபாசா எப்படி அநாதையானது என்று பிள்ளைகள் கேட்பார்களே என்கின்றார்கள் மற்றவர்கள். தாய்மார் முதலில் தனியாக ஒரு தரம் பார்ப்பது, பிறகு முடிவெடுப்பது என்று இப்போதைக்கு நிற்கின்றது.