பழைய புல்லட்டில் மின்பழுது அறிதல்

மின்னணு எரியூட்டு முறை வருவதற்கு முந்தைய புல்லட் மோட்டார் சைக்கிள்களில் பேட்டரி, காயில், காண்டாக்ட் பாயிண்ட் ஆகியவை சேர்ந்தே ஸ்பார்க் பிளக்கில் பொறியை உண்டாக்குகின்றன. எனவே சோதனையைப் பேட்டரியில் தொடங்க வேண்டும்.

முழுதும் சார்ஜான 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால் ஃபியூஸ், உப்புப் பூத்த பேட்டரி முனைகள், துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் நகராவிட்டால் ஆல்டர்னேட்டரையோ ரெக்டிஃபையரையோ சோதிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தும் பிளக்கில் பொறி இல்லையென்றால் பாயிண்டைச் சுத்தம் செய்து, அது முழுதும் திறந்திருக்கும்போது இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்க வேண்டும். பாயிண்டில் பெரிய பொறி பறந்தால் கண்டன்சர் பழுதாகியிருக்கலாம்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் ஃபியூஸ் போனால், அங்கே வயர் உராய்ந்து உறை கிழிந்திருக்கும். போன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றுவது ஆபத்து. ஷார்ட் நீங்காமல் மின்சாரம் பாய்ந்தால் வயர் உருகும். அதன் மேலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.