உப்பில்லா நோன்பு யாருக்கு ஆகாது?

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் உணவின் ஒழுங்கு மாறிவிடுகிறது. திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி, வெள்ளிதோறும் சுத்தபோசனம், இவற்றுக்கு மேல், நேர்ச்சையாக மேற்கொள்ளும் நோன்புகள் வேறு. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலோ, தவக்காலம் முடியுமுன்னரே வெயிலும் கொளுத்தத் தொடங்கிவிடும்.

அங்கே ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மூத்த மகனுக்கு இருமுனை மனநோய். சில வாரங்கள் உறக்கமின்றி ஓயாது பேசுவான், கையிலுள்ளதையெல்லாம் செலவழிப்பான். பின்னர் பாயைவிட்டு எழவும் மனமின்றிச் சோர்ந்து கிடப்பான். மருத்துவர் தந்த லித்தியம் மாத்திரையால் ஓராண்டாக வீட்டில் அமைதி நிலவுகிறது. மகன் பூரண சுகம் பெற வேண்டுமென்று அன்னை நேர்ந்துகொள்கிறாள். மகனும் நாற்பது நாளும் உப்பில்லாமல் ஒரே வேளை உண்பதென முடிவு செய்கிறான். இருவரின் பக்தியிலும் குறையில்லை. ஆயினும், அந்த நோன்பு அவனது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஏன் அப்படி?

லித்தியம் மண்ணிலும் பாறையிலும் கிடைக்கும் ஒரு தனிமம். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், நாடு திரும்பியபின் அதன் உப்பை மனநோயாளருக்குக் கொடுத்து ஆராய்ந்தார். மிகு எழுச்சி நிலையிலிருந்த 10 பேர் அதனால் நலமடைந்ததை 1949-ல் வெளியிட்டார்.

அதே 1949-ல் அமெரிக்காவில் ஒரு துயரம் நிகழ்ந்தது. உப்பைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்ட இருதய நோயாளர் பலர், சமையலுப்புக்குப் பதிலாகக் கடையில் விற்ற லித்தியம் குளோரைடை உணவில் தூவி உண்டனர். சிலர் நஞ்சேறி மாண்டனர். அப்பொருள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்க அரசு லித்தியத்தை மனநோய்க்கு மருந்தாக ஏற்றது 1970-ல்தான்.

இத்துயரத்தின் காரணம் நம் சிறுநீரகத்தில் இருக்கிறது. சமையலுப்பிலுள்ள சோடியத்தையும் லித்தியத்தையும் அது ஏறக்குறைய ஒரே வழியிலேயே கையாளுகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. கூடவே லித்தியமும் தங்கிவிடுகிறது. மாத்திரையின் அளவு மாறாமலே இரத்தத்தில் மருந்து மிகுந்து நஞ்சாகிறது. பட்டினி, கடும் வியர்வை, வாந்தி, பேதி ஆகிய யாவும் இந்நிலைக்கு வழிகோலும்.

கை நடுக்கம் மிகுதல், வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியன அபாய அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடாமல், அக்கணமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இல்லத்தரசிகள் கவனிக்க

உணவு இந்நோயைக் குணமாக்காது; மருந்துக்கு மாற்றாகவும் ஆகாது. ஆனால் மருந்து செவ்வனே வேலை செய்ய ஒழுங்கான உணவு துணை நிற்கும்.

முதலாவது, உப்பின் அளவு நாளுக்கு நாள் மாறலாகாது. திடீரெனக் குறைத்தால் நஞ்சேறும். திடீரெனக் கூட்டினால் மருந்து வலுவிழக்கும். தந்தைக்கு இரத்த அழுத்தம் என்று வீட்டுக் குழம்பு முழுவதையும் உப்பின்றி வைத்தால், லித்தியம் உண்ணும் மகனுக்கு அதுவே தீங்காகலாம். அத்தகைய மாற்றத்தை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

இரண்டாவது, வயலிலும் களத்திலும் வெயிலில் உழைப்போர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். உப்பிட்ட மோரும் கம்பங்கூழும் நம் முன்னோர் தந்த நல்ல வழக்கங்கள்.

மூன்றாவது, உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் தவறலாகாது. உறக்கம் கெடுவதே பலருக்கு நோய் மீளும் வாயிலாகிறது. எனவே மாலைக்குமேல் காப்பி வேண்டாம். மது அறவே ஆகாது.

நான்காவது, ஓலன்சபின் போன்ற வேறு சில மருந்துகள் பசியைத் தூண்டி உடலைப் பருக்கச் செய்யும். இரத்தத்தில் சர்க்கரையும் ஏறலாம். அவர்களுக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் குறைத்து, கீரை, பயறு, முட்டை, கொல்லிமலைச் சாமை, தினை ஆகியவற்றை அளவோடு கொடுப்போம்.

உடல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகள் பலவும் லித்தியத்தை மிகச் செய்யும் என்பதையும் மறவாதிருப்போம். மருத்துவர் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்வோம்.

திருச்சபை நோயுற்றோரைப் பட்டினி கிடக்கப் பணிக்கவில்லை. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்து 59 நிறையாதவர்க்கு உரியது. அவர்களிலும் நோயாளர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். அறியாமல் செய்த தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கவும், அதற்கு ஈடாக வேறொரு நற்செயலைக் குறிக்கவும் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு.

ஆகவே, அந்த அன்னை மனம் கலங்க வேண்டியதில்லை. உப்பைத் துறப்பதற்குப் பதிலாக, ஓர் ஏழைக்கு நாள்தோறும் ஒருவேளைச் சோறு இடட்டும். மகன் மூன்று வேளையும் உண்டு, மருந்தைத் தவறாது விழுங்கி, நேரத்தோடு உறங்கட்டும். ஐயம் எழுந்தால் நாமக்கல் அரசு மருத்துவமனை இருக்கிறது. 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசியும் இருக்கிறது. நமக்கு இறைவன் அளித்த உடலைப் பேணுவதும் ஒரு தவமே அன்றோ?