துப்பாக்கி தூக்காத தலைவன்

‘கௌபோய்’ கதை என்றதும் குதிரைக் குளம்பொலியும் துப்பாக்கிப் புகையுமே நம் நினைவிற்கு வரும். 1957 முதல் 1962 வரை அமெரிக்காவிலே ஒளிபரப்பான ‘மாவரிக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரோ அம்மரபைப் பார்த்து நகைத்தது. ரோய் ஹகின்ஸ் படைத்த அதன் தலைவன் பிரெட், சீட்டாடிப் பிழைப்பவன்; சண்டை வருமிடத்து நழுவிவிடுவதே அறிவென எண்ணுபவன். ஜேம்ஸ் கார்னர் அவனாக நடித்தார்.

1958ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கதையை நான் மறந்திலேன். பிரெட் ஒப்படைத்த 15,000 டொலரைப் பெறவேயில்லை என்று வங்கி முதலாளி சாதிக்கின்றான். பிரெட் துப்பாக்கியை நாடவில்லை. வீதியோரத் திண்ணையிலே நாற்காலியில் அமர்ந்து மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருக்கின்றான். ஊரார் நகைக்கின்றனர். அவன் உடன்பிறந்தான் பார்ட்டும் நண்பர்களும் மறைவிலே வலை பின்னுகின்றனர். முதலாளி தன் பேராசையாலேயே அதில் வீழ்கின்றான்.

வஞ்சனைக்கு வஞ்சனை அறமாகுமோ? அறநூல் கற்பிக்கும் என் மனம் இவ்விடத்தே தடுமாறும். ஆயினும், ஓருயிரும் மாயாமல் வழக்குத் தீர்ந்ததன்றோ! வகுப்பறையிலே சினம் பொங்கிப் பிரம்பை நாடும் வேளைகளில் அந்த நாற்காலி என் கண்முன் தோன்றும். கை தானே தாழும்.