கல்லாகத் திரும்பும் சுண்ணாம்பு

நல்லூரிலும் வண்ணார்பண்ணையிலும் எஞ்சி நிற்கும், நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய நாற்சார் வீடுகளின் சுவர்கள் கடலடியில் பிறந்தவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமே மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்தான். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன், ஆழங்குறைந்த கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி அந்தக் கல் உண்டாயிற்று. அதையும் கரையோரத்து முருகைக்கல்லையும் கொண்டு அக்காலத்து மேசன்மார் கட்டினார்கள். கல்லோடு கல்லைப் பிணைத்த சாந்தும் அதே கல்லிலிருந்து வந்ததுதான்.

சுண்ணக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அது காபனீரொட்சைட்டைக் கக்குகிறது. தூய கல் 100 கிலோவில் 44 கிலோ வாயுவாகப் போய்விட, மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டதும் அது கொதித்துப் பொங்கி நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசியபின், சூளையில் நடந்தது தலைகீழாக நடக்கத் தொடங்குகிறது. இழந்த காபனீரொட்சைட்டைச் சாந்து காற்றிலிருந்து மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கிச் செல்லும் இந்த மாற்றம் தடித்த சுவரில் பல ஆண்டுகள் நீளும். மயிரிழை வெடிப்பு விழுந்தாலும், உள்ளே கசியும் மழைநீர் சிறிது சுண்ணாம்பைக் கரைத்துச் சென்று அங்கே படியவிடும். சுவர் தன் சிறு காயங்களைத் தானே ஆற்றிக்கொள்கிறது.

வீட்டின் அமைப்பிலும் இதே நுண்ணறிவு உண்டு. தடித்த சுவர் பகல் வெக்கையை உள்வாங்கி, அறைக்குள் மெதுவாகவே விடும். நடுமுற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழ, தாழ்வாரங்களின் நிழலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை உட்புறம் சரிந்த கூரைகளில் வழிந்து முற்றத்தில் விழும். கூரை ஓடுகளைத் தாங்கும் வளைகளும் சலாகைகளும் முதிர்ந்த பனையின் வைரத்தில் அறுத்தவை.

1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை எழுந்தபோது, அதே சுண்ணக்கல் களிமண்ணோடு சேர்ந்து 1450 பாகை வரை வெந்தது. விரைவில் இறுகி வன்மையாக நிற்கும் சீமெந்து புதுக் கட்டடங்களுக்குப் பேருதவி. ஆனால் பழைய சுவரின் மேல் அதைப் பூசினால் கேடு தொடங்கும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தேங்கும் ஈரம் உப்பைச் சுமந்திருக்கும். அந்த உப்பு படிகமாகிப் பெருகும்போது, சீமெந்தைவிட மென்மையான பழைய கல்லே முதலில் பொடிந்து உதிர்கிறது. வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்க, உட்சுவர் நலிகிறது.

நல்லூர் மந்திரி மனை, பருத்தித்துறைத் தெருமூடி மடம் போன்றவை தொல்லியல் சின்னங்கள் என்பதால் அவற்றின்மேல் ஒரு கண் இருக்கிறது. மக்கள் குடியிருக்கும் நாற்சார் வீட்டின் ஆயுளோ உரிமையாளரும் மேசனும் எடுக்கும் முடிவில் தங்கியிருக்கிறது. அடுத்தமுறை பூச்சு உதிர்ந்தால் சீமெந்துப் பையை அவிழ்க்குமுன் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். அவரோடு ஓர் இளைஞரையும் வேலைக்கு நிறுத்துங்கள். இந்த வீடுகள் நிலைக்க, கல்லைப் போலவே அந்தக் கைவேலையும் வேண்டும்.