ஜிஎஸ்டி போய்விட்டது; தலைவலி காப்பீட்டுக்குள் வருமா?

2025 செப்டம்பர் 22 நெருங்க நெருங்க, வாசகர் கேள்விகளாக வந்த கடிதங்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன. முதல் வகையினருக்கு ஒரே சந்தேகம்: தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி அன்றிலிருந்து இல்லை என்கிறார்களே, பாலிசியை இப்போதே புதுப்பிப்பதா, காத்திருப்பதா? இரண்டாம் வகைக் கடிதங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதத்தில் பல நாட்கள் மைக்ரேனில் படுக்கிறவர்கள். “பிரீமியம்தான் குறைகிறதே, இனியாவது என் தலைவலிக்கும் பணம் தருவார்களா?” என்று கேட்டார்கள்.

முதல் கேள்விக்கான அன்றைய பதிலைச் சட்டென்று சொல்லிவிடலாம். பாலிசி 22-ம் தேதிக்குப் பிறகு முடிந்தவர்கள் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை, அதற்குப் பிறகே பணம் கட்டியிருக்கலாம். முன்பே முடிந்தவர்கள் உரிய தேதியில் கட்டுவதே சரியாக இருந்தது. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக்காலம் உண்டு என்று ஏஜென்ட்டுகள் சொல்வது பொய்யல்ல. அதற்குள் கட்டினால் காத்திருப்புக் கால வரவு போகாது. ஆனால், மொத்தமாகப் பிரீமியம் கட்டுகிறவருக்கு அந்த இடைவெளி நாட்களில் காப்பீடே கிடையாது. காத்திருந்தால் 20,000 ரூபாய் பிரீமியத்தில் மிச்சமானது 3,600 ரூபாய். அந்த வாரத்தில் யாரும் வண்டியிலிருந்து விழ மாட்டார்கள் என்று நம்பியவர்கள் காத்திருந்திருக்கலாம்.

‘காப்பீடு மலிவாகிறது’ என்ற அறிவிப்பையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். வரி போனது உண்மை. அதோடு சேர்ந்து நிறுவனங்கள் அதுவரை எடுத்துவந்த உள்ளீட்டு வரி வரவும் (தங்கள் செலவுகளில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) போனது. அந்த நஷ்டத்தை அவர்கள் கையிலிருந்து போட்டுக்கொள்வார்கள் என்று நம்ப நான் தயாராக இல்லை. அடுத்த புதுப்பித்தலில் அடிப்படைப் பிரீமியத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும். அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கும் இல்லை.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். பதில்: பெரும்பாலும் இல்லை.

மைக்ரேன் அரிய நோய் அல்ல. பெங்களூரு நகரிலும் சுற்றியுள்ள ஊர்ப்புறங்களிலும் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலு பேரில் ஒருவர். இத்தனை பேருக்கு வரும் நோய் காப்பீட்டின் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், நம் காப்பீடு நோயை அளக்கும் முறை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடர்ந்து 24 மணி நேரம் படுத்திருந்தால்தான் அதன் கணக்கில் அது நோய். மைக்ரேன் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை வாட்டும். வீட்டில், ஜன்னலைச் சாத்திய அறையில், தலையில் துண்டை இறுக்கிக் கட்டியபடி. இதற்கு ஆகும் செலவெல்லாம் டாக்டர் பீஸ், மாத்திரை, ஸ்கேன், போன சம்பளம் என்று கட்டிலுக்கு வெளியில்தான் நடக்கிறது.

“சரி, அட்மிட் ஆகிவிட்டால்?” என்று ஒரு வாசகி கேட்கிறார். இங்கேதான் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்தாலும் விலக்குகள் பட்டியலில் ‘எக்ஸ்கிளூஷன் 04’ என்று ஒரு பிரிவு இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துத் தந்த வாசகம் அது. பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே முதன்மையாக அட்மிட் ஆனால் அந்தச் செலவு தரப்படாது என்பது அதன் சாரம். இது வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. ஓபியில் எடுக்கும் ஸ்கேனுக்குக் காப்பீடு இல்லை. அதனால் “ஒரு நாள் அட்மிட் போட்டுக்கொள்ளுங்கள், எம்ஆர்ஐயை கிளைமில் போட்டுவிடலாம்” என்று யோசனை சொல்லும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அந்தக் கதவை அடைக்கத்தான் இந்தப் பிரிவு.

இப்போது நிஜமான மைக்ரேன் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக வலி நிற்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. இரவு பத்து மணிக்கு எமர்ஜென்சிக்குக் கொண்டுபோகிறார்கள். வழக்கத்துக்கு மாறான கடுமையான தலைவலி என்றால் எந்த டாக்டரும் முதலில் மூளையில் ரத்தக்கசிவோ கட்டியோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் பார்ப்பார். அதைச் செய்யாமல் விட்டால்தான் தவறு. ஸ்கேன் எடுக்கிறார்கள். டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, வலிக்கு ஊசி. மறுநாள் தேறிவிடுகிறார். ஸ்கேன் நார்மல். மைக்ரேனில் ஸ்கேன் நார்மலாகத்தான் இருக்கும். மைக்ரேனைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ படமோ கிடையாது, நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

பில் போகிறது. பில்லில் பெரிய தொகை எது? ஸ்கேன். ஊசியும் டிரிப்ஸும் அதன் பக்கத்தில் சில்லறை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எம்ஆர்ஐ நார்மல்’ என்று இருக்கிறது. கிளைம் மேசையில் உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, “பரிசோதனைக்கான அட்மிஷன், எக்ஸ்கிளூஷன் 04” என்று எழுதி முடித்துவிடுகிறார்.

டாக்டர் முடிவெடுத்தது ஸ்கேன் வருவதற்கு முன்னால். நிறுவனம் தீர்ப்புச் சொல்வது ஸ்கேன் வந்த பின்னால். ரத்தக்கசிவு இருந்திருந்தால் அதே அட்மிஷன், அதே ஸ்கேன், அதே இரவு, எல்லாவற்றுக்கும் பணம் கிடைத்திருக்கும். மூளை நன்றாக இருந்தது என்பதற்காக நோயாளி கையிலிருந்து கட்டுகிறார். பிரிவின் வாசகத்தில் ‘முதன்மையாக’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. எது முதன்மை என்பதைத் தொகையை வைத்து அளப்பதா, அட்மிட் செய்த காரணத்தை வைத்து அளப்பதா? வாசகம் இரண்டாவதைத்தான் கேட்கிறது என்பது என் வாசிப்பு. கிளைம் மேசைக்கு முதலாவதுதான் வசதி.

ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் சங்கிலி இது. ஓபிக்குப் பணம் இல்லாததால் பொய் அட்மிஷன். பொய் அட்மிஷனைத் தடுக்க விலக்கு. விலக்கு வந்ததால் நிஜ அட்மிஷனுக்கும் சந்தேகம். முதல் கண்ணியைத் தொடாமல் மூன்றாவதை மட்டும் இறுக்கிக்கொண்டே போகிறார்கள். 2024-ல் ஆணையம் வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கை, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் அனுமதி என்றெல்லாம் வேகத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. சீக்கிரமாக ‘இல்லை’ என்று சொல்வதும் அந்த வேகத்தில் அடங்கும்.

ஆனாலும் அதே சுற்றறிக்கையில் நமக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் தராமல் கிளைமை நிராகரிக்கக் கூடாது; நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று எழுதித் தர வேண்டும். ஆகவே போனில் “ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்” என்பதை ஏற்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அட்மிட் ஆகும்போதே கூட இருப்பவர் டாக்டரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு: வாய்வழியாக மருந்து தங்கவில்லை, நீர்ச்சத்து குறைந்திருக்கிறது, நரம்பு வழியே மருந்து தேவை, ஸ்கேன் எடுப்பதற்கு இன்ன காரணம் என்பதை அட்மிஷன் குறிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். உண்மையாக நடந்ததை எழுதச் சொல்வதுதான் இது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மதிப்பீட்டுக்காக அனுமதிக்கப்பட்டார்’ என்ற ஒரு வரி பழக்கத்தில் விழுந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு டெய்லர் எழுதியிருக்கிறார். “உனக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது, ஓபியும் பார்க்கிறார்கள், அப்புறம் என்ன குறை?” என்று தன் மேலாளர் கேட்டதாக. மேலாளர் சொல்வதில் பாதி சரி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐதான் உண்மையில் ஓபியையும் மாத்திரையையும் தரும் ஒரே பெரிய காப்பீடு. குறை சம்பளத்தில். நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை தருகிறார்கள்; ஆனால் நோய் தொடங்கிய முதல் இரண்டு நாட்களுக்குத் தருவதில்லை. மைக்ரேன் பெரும்பாலும் அந்த இரண்டு நாளுக்குள் வந்து போய்விடும். கடைசியாகப் பணம் பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் இந்த இரண்டு நாள் விலக்கு பொருந்தாது என்று ஒரு தளர்வு இருக்கிறது. அதற்கு முதலில் ஒரு முறையாவது பணம் பெற்றிருக்க வேண்டுமே! வாரம் ஒரு நாள் படுக்கிறவருக்கு அது வாய்ப்பதே இல்லை.

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்த அந்த 5 லட்சத்தில், மாதாமாதம் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் ஆகும் செலவு சேராது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் அந்த அட்டை உயிர்காக்கும். மைக்ரேனுக்கு அது பீரோவில்தான் இருக்கும்.

அரசின் உண்மையான மைக்ரேன் திட்டம் எது என்று என்னைக் கேட்டால், அதற்குப் பெயரோ படமோ கிடையாது: 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கி அனுப்பும் சாதாரண மாத்திரைகள். தலைவலி வராமல் தடுக்கத் தரப்படும் புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் எல்லாம் பழைய, காப்புரிமை காலாவதியான, மலிவான மருந்துகள். பலருக்கு அவை போதும். சிக்கல் மாத்திரை விலையில் இல்லை. காலை ஓபி, நீண்ட வரிசை, தலைக்கு மேல் டியூப்லைட், காதுக்குப் பக்கத்தில் கூச்சல், ஒரு நாள் கூலி. வலி இருக்கும் நாளில் அங்கே நிற்க முடியாது. வலி இல்லாத நாளில் லீவு போட மனம் வராது.

அதனால் என்ன நடக்கிறது? தெருமுனை மெடிக்கல் ஷாப். அட்டை மாத்திரை. வலிநிவாரணியைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல், மாதத்தில் 15 நாளோ அதற்கு அதிகமாகவோ போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கூட்டு மாத்திரை, எர்கோட், டிரிப்டான் வகை என்றால் 10 நாளே போதும். டாக்டர் பீஸை மிச்சம் பிடித்தவர்கள் பலர் கடைசியில் தினசரித் தலைவலிக்காரர்களாக நரம்பியல் ஓபிக்கு வந்துசேர்வது இப்படித்தான். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள் என்று காலண்டரில் ஒரு கோடு போட்டுவையுங்கள். டாக்டருக்கு அது ஸ்கேனைவிடப் பயன்படும்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக:

மாத்திரைக்கும் வரி குறைந்ததா? ஆம், பெரும்பாலான மருந்துகளுக்கு 12-லிருந்து 5 சதவீதம். 100 ரூபாய் அட்டையில் ஏறக்குறைய 6 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். பழைய ஸ்டாக் என்று கடைக்காரர் சொன்னாலும் கேளுங்கள்.

புதிய பாலிசி எடுக்கும்போது மைக்ரேன் இருப்பதைச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம். மறைத்தால் 60 மாதம் வரை எந்தக் கிளைமிலும் அதைக் காட்டி மறுக்க இடம் கொடுக்கிறீர்கள்.

ஓபி செலவைத் தரும் கூடுதல் பிரிவு வாங்கலாமா? அதன் பிரீமியத்தையும் ஆண்டு உச்சவரம்பையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் நெருங்கிவந்தால் வேண்டாம்.

மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா? 2016 சட்டத்தின் 21 வகைகளில் மைக்ரேன் இல்லை.

மலிவாக மருந்து எங்கே கிடைக்கும்? முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிராண்ட் பெயர் மட்டும் தெரிந்தால் டாக்டரிடம் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள்.

எந்தத் தலைவலிக்கு இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்? இடி விழுந்ததுபோல் திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல்.

கிளைம் மறுக்கப்பட்டால் எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாக. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் கைவிரித்ததிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச்சேர வேண்டும்.