ஆட்டம் போட வைக்கும் ஒப்பாரி!

கல்யாண வீடா, கூழ் வார்க்கும் திருவிழாவா... 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' இல்லாமல் ஸ்பீக்கர் கட்டுவதில்லை எங்கள் செவிலிமேட்டில். சினிமாப் பாட்டு இல்லை, ஹீரோ இல்லை, மழை டான்ஸ் இல்லை. தீ, அறிவு என்று இரண்டே பேர். இசை சந்தோஷ் நாராயணன்.

பொடிசுகள் குதிக்கின்றன. தறியில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அத்தை மட்டும், "ஏம்ப்பா, இது எழவு வீட்டுப் பாட்டாட்டம் இருக்கே?" என்றார். விமர்சனம்னா இது சார் விமர்சனம்!

அறிவு பக்கத்து அரக்கோணத்துக்காரர். அவர் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே வந்தவர். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு சர்க்கார்களும் கையெழுத்துப் போட்டன. அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. தோட்டம் வளர்த்தவளுக்குத் தோட்டம் இல்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் பாட்டு. தீயின் குரல் அவசரப்படாமல் அழுகிறது. தாளம்தான் அங்கங்கே வார்த்தைகளை முழுங்கிவிடுகிறது. என் ஒரே குறை.

2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் துவக்க விழாவில் இதே பாட்டு. தீ இருந்தார், கிடாக்குழி மாரியம்மாள் இருந்தார், அறிவைக் காணோம். பாட்டு யாருடையது என்று மூன்று பேரும் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள்.

"சேலையில கடை பேரு இருக்கும். நெஞ்சவன் பேரு எங்க இருக்கு?" என்றார் அத்தை, நாடாவை நிறுத்தாமலே.

பி.காம். படித்த பாவத்துக்கு நான் கணக்குப் பார்த்தேன். கோடிக்கணக்கில் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு பைசா வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். வரவுப் பத்தியில் சைபர்!