ஹிஜ்ரி 656: அரியணை வீழ்ந்தது, அறிவு வாழ்ந்தது

நூறு ஆண்டுகளின் சுமையைத் தானொன்றே தாங்கி நிற்கும் ஆண்டுகள் சில வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரி 656 அத்தகையதோர் ஆண்டாகும். கி.பி. 1258 ஜனவரியில் தொடங்கிய அவ்வாண்டு, அதே டிசம்பரில் முடிவெய்தியது. அந்தப் பன்னிரு திங்களுக்குள் உலகம் கண்ட காட்சிகள் இன்றும் நம் சிந்தனைக்குரியன.

கலீபா மன்சூர் 762-ஆம் ஆண்டில் அடிகோலிய நகரம் பாக்தாத். கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அங்கே அரபு மொழியில் பெயர்க்கப்பட்டன. மருத்துவமும் கணிதமும் வானநூலும் அங்கே செழித்தோங்கின. 1234-இல் திறக்கப்பெற்ற முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவில் நான்கு மத்ஹபுகளின் சட்டங்களும் ஒரே கூரையின்கீழ்ப் போதிக்கப்பட்டன.

அந்த மாநகரின்மீது செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு படையெடுத்து வந்தான். ஜனவரியில், எதிர்த்து நின்ற கலீபாவின் படையைக் கரைகளை உடைத்து வெள்ளத்தில் சிக்கவைத்தனர் மங்கோலியர். ஜனவரி 29-ஆம் நாள் முற்றுகை தொடங்கியது. பன்னிரண்டே நாட்களில், அதாவது ஸபர் பிறை 4, பிப்ரவரி 10-இல், கலீபா முஸ்தஃஸிம் சரணடைந்தார். பின்னர் நடந்தேறிய கொலையும் கொள்ளையும் எழுத்தில் அடங்கா. மாண்டோர் தொகையை வரலாற்றாசிரியர்கள் பலவாறு கூறுவர். இரண்டு இலட்சம் பேர் என்று ஹுலாகுவே 1262-இல் பிரெஞ்சு மன்னருக்கு எழுதிய மடலில் பெருமை பேசினான். பிப்ரவரி 20-இல் கலீபாவும் கொல்லப்பட்டார். 750-இல் தொடங்கிய அப்பாஸியக் கிலாபத் பாக்தாதில் அத்துடன் அஸ்தமித்தது.

இத்துணைப் பெரிய நகரம் இத்துணை விரைவில் வீழ்ந்தது ஏன்? பகைவனின் வலிமை ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமன்று. கலீபா எச்சரிக்கைகளைப் புறக்கணித்தார். போதிய படை திரட்டினாரில்லை. எகிப்தின் மம்லூக்குகளும் சிரியாவின் அய்யூபிய அரசர்களும் தமக்குள் பகைத்திருந்தனர்; எவரும் உதவிக்கு வரவில்லை. இவற்றினும் வேதனை தருவது ஒன்றுண்டு: மோசூல் நகரை ஆண்ட முஸ்லிம் சிற்றரசர், ஹுலாகுவின் படைக்குத் துணைப்படை அனுப்பி வைத்தார்! மதில் இடிவதற்கு முன்பே ஒற்றுமை இடிந்துவிட்டது.

இதே வாரங்களில், கிழக்கே வியட்நாமிலும் மங்கோலியப் படை நுழைந்திருந்தது. அங்கே திரான் மரபு மன்னர் தலைநகரைக் காலி செய்து மக்களுடன் விலகிச் சென்றார். வெறுமையான நகரில் உணவின்றித் தவித்த பகைவரை ஜனவரி இறுதியில் திருப்பித் தாக்கி விரட்டினார். வெல்லற்கரியது எனப்பட்ட அப்படை, முன்யோசனையும் ஒருமைப்பாடும் கொண்ட சிறு நாட்டிடம் பின்வாங்கியதைக் காண்கிறோம்.

இயற்கையும் அவ்வாண்டில் மனிதரைச் சோதித்தது. முந்தைய ஆண்டில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சமலாஸ் எரிமலை வெடித்தது. அதன் புழுதி வானில் பரவிக் கதிரொளியை மங்கச் செய்தது என்று இன்றைய விஞ்ஞானிகள் கூறுகின்றனர். அவ்வாண்டு இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடியது. அத்துன்பச் சூழலிலேதான் அந்நாட்டுப் பிரபுக்கள் ஆக்ஸ்போர்டில் கூடினர். ஆலோசனைச் சபையைக் கேட்டே ஆளவேண்டும், ஆண்டுக்கு மும்முறை பாராளுமன்றம் கூடவேண்டும் என மூன்றாம் ஹென்றி மன்னருக்கு வரம்பு விதித்தனர்.

இனி, இவ்வாண்டின் மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். பாக்தாதின் புகை அடங்கும் முன்பே, பாரசீகத்தின் ஷீராஸ் நகரில் ஓர் அறிஞர் நூலொன்றை எழுதி முடித்தார். அவர் மகாகவி ஸஅதி; நூல் 'குலிஸ்தான்'. தாம் எழுதப்பட்ட ஆண்டு ஹிஜ்ரி 656 என்பதை அந்நூலே சொல்கிறது. அரசர் நீதி, துறவியர் ஒழுக்கம், மனநிறைவு, வாய்மூடலின் நன்மை ஆகியவற்றைக் கதைகளாலும் கவிதைகளாலும் புகட்டும் அந்நூல், இந்திய மத்ரஸாக்களிலும் பல நூற்றாண்டுகளாகப் பாடநூலாக விளங்கியது. பாக்தாதின் அழிவுக்கு இரங்கற்பா பாடியவரும் அவரே.

அடுத்த ஆண்டிலேயே அறிஞர் நஸீருத்தீன் தூஸி, ஹுலாகுவின் பொருளைக் கொண்டே மராகா நகரில் மாபெரும் வான் ஆய்வுக்கூடம் எழுப்பத் தொடங்கினார். பாக்தாதில் தப்பிய நூல்கள் பல அங்கே சென்று சேர்ந்தன. அழித்தவனின் செல்வமே அறிவைக் காக்கப் பயன்பட்டது!

1260-இல் ஐன் ஜாலூத் களத்தில் மம்லூக்குகள் மங்கோலியரை முறியடித்தனர். 1295-இல் ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் காஸான் இஸ்லாத்தைத் தழுவினான். முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவின் கட்டடமோ டைக்ரீஸ் நதிக்கரையில் இன்றும் நிற்கிறது.

மதிலும் மணிமுடியும் மட்டும் ஒரு சமுதாயத்தைக் காத்துவிடா. பிளவுபட்ட உள்ளங்களுக்கு எந்தக் கோட்டையும் காவலாகாது. ஆனால், கற்றோர் கையிலுள்ள ஏட்டைக் காலத்தின் பெருவெள்ளமும் பறித்துவிட முடியாது. நம் பிள்ளைகளுக்கு நாம் எதை விட்டுச் செல்லப் போகிறோம் என்று எண்ணும்போதெல்லாம், ஹிஜ்ரி 656 நம் நினைவுக்கு வரட்டும்.